ஜீப் நின்ற வருடம்

சித்தேரி மலையில் நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில் சிக்னல் கிடையாது. காலையில் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற, பின்னாலிருக்கும் பாறைமேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொரு ஆசிரியர் பணியிடம் காலி. ஆகவே தலைமையாசிரியை, உதவியாசிரியை, பாறை ஏறுகிறவள் எல்லாம் நானே. வாரக் கடைசியில் மட்டும் அதியமான்கோட்டையில் இருக்கும் கணவரிடம் போவேன். மற்ற நாட்களில், பள்ளி விட்ட பிறகு என்னோடு பேச ஆளில்லை.

காட்டுக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மூன்று பிள்ளைகள் வருவார்கள். கரடி நடமாடும் பாதை. அதனால் அரசுச் செலவில் ஒரு ஜீப் அவர்களை அழைத்து வந்தது. ஒருநாள் அது வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஓட்டுநரைப் பார்த்ததும் சத்தம் போட்டேன்.

"எம்மேல கோவப்பட்டு என்னங்க டீச்சர் பண்றது? பணம் மேலயே நின்னுபோச்சாமாங்க. டீசலுக்கு நான் எங்க போறது?" என்றார்.

மேலே என்றால் எங்கே? புதிய கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பள்ளிகளுக்கு நிதி என்றது டெல்லி. மூன்றாவது மொழியைத் திணிக்கும் கொள்கையை ஏற்க மாட்டோம் என்றது சென்னை. எங்கள் ஜீப்பின் பணம் எந்த வாசலில் நின்றதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்ட இடத்திலெல்லாம் அடுத்த இடத்தைக் கைகாட்டினார்கள்.

பாறைமேல் ஏறினால் போன் மொத்தச் சண்டையையும் கொட்டும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவே இரண்டாகியிருந்தது. மும்மொழி வேண்டவே வேண்டாம் என்று முழங்கும் என் கொழுந்தனாரின் பையன் தர்மபுரியில் தனியார் பள்ளியில் இந்தி படிக்கிறான். இந்தி இல்லாமல் விடிவே இல்லை என்கிற என் தம்பிக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கும் ஒரு கருத்து உண்டு. அரசு ஊழியர் வாயைத் திறக்கக் கூடாதே! "நீ எதையாச்சும் எழுதித் தொலைச்சிடாத, வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க" என்று கணவர் வேறு பயமுறுத்திக்கொண்டிருந்தார்.

மூன்று பிள்ளைகளில் இரண்டு பேரை அரூர் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். மூன்றாமவள் நான்காம் வகுப்பு. அவளை விடுதியில் விட அவள் அம்மாவுக்கு மனம் வரவில்லை. தினமும் தானே கூட நடந்து கொண்டுவந்து விடுவாள். கார்த்திகை பிறக்கும் சமயம் அந்த அம்மா என்னிடம் வந்தாள்.

"நாங்க குடகுக்குக் காப்பி பறிக்கப் போறமுங்க டீச்சர். மாசக் கடைசிக்குள்ள ஜீப்பு ஓடுச்சின்னா இவ எங்கக்கா வூட்டுல இருந்து படிக்கட்டும். இல்லீனா கூட்டிக்கிட்டுப் போயிடறோம். வருங்களா?"

தெரியவில்லை என்றேன்.

அன்றே பாறைமேல் நின்று குடும்பக் குழுவில் எழுதினேன்: ஜீப் இல்லாமல் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கப் போகிறது. அடுத்த நிமிடமே பதில்கள் குவிந்தன. "பாத்தியா, இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்று கொழுந்தனார் எழுதினார். கிட்டத்தட்ட அதையேதான் தம்பியும் எழுதினான். அந்தப் பிள்ளை யார், என்ன வகுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. இறங்கி வந்து காலி வகுப்பில் உட்கார்ந்து அழுதேன். மலையில் தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. அத்தனை பேர் நடுவில் தனியாக இருந்தது பழகவில்லை.

மாசம் முடிந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

பொங்கல் முடிந்து ஒருநாள் ஜீப் வந்தது. வாசலில் ஹாரன் கேட்டு ஓடினேன். ஓட்டுநர் மட்டும்தான் இருந்தார். "ஏத்திக்கிட்டு வர ஆளில்லீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் மலையிறங்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நான்காம் வகுப்புப் பெண்தான், குடகிலிருந்து, அப்பாவின் போனில்.

"டீச்சர், ஜீப்பு வந்துடுச்சாமே?"

"வந்துடுச்சு கண்ணு. நீ எப்ப வர?"

"காப்பி முடிஞ்சா மொளகு இருக்குதாம், அப்பா சொல்லுச்சு. டீச்சர், எனக்கு இப்பக் கன்னடம் வருதே! பேசிக் காட்டட்டுங்களா?"

"பேசு."

"ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சாப்பிட்டாச்சா என்கிறாள். அந்த வாரம் முழுக்க என்னை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"இன்னும் இல்ல கண்ணு" என்றேன்.