மே மாதத்தில் பிறந்த முப்பத்தொரு பேர்

2025 செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். ராஜபாளையத்தில் காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. மேற்கே மலைமேல் மட்டும் கொஞ்சம் மேகம். ஊருக்குள் அந்த நேரத்துக்கே வெயில் சுட்டது. பேருந்து நிலையத்துக்கு நான் வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் பையை நான்கு முறை திறந்து தாள்களை எண்ணிவிட்டேன். நான்கு முறையும் ஏழுதான் இருந்தன. ஐந்தாவது முறை திறந்தபோது, நான் காத்திருந்த பெண் வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அல்லது ஐம்பத்தாறு. அந்தக் குழப்பத்தை உண்டாக்கியவன் நான்.

1972 ஜூன் மாதம் சேத்தூருக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் இரண்டாவது ஆசிரியர். எனக்கு அப்போது இருபத்து மூன்று. தலைமை ஆசிரியருக்குக் கண் சரியில்லை; என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சேர்க்கைப் பதிவேட்டை என்னிடம் தள்ளிவிட்டார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம். ஆனால் பதிவேட்டில் ‘பிறந்த தேதி’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விடக்கூடாது. ஜூன் முதல் தேதி ஐந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதால், தேதி தெரியாத பிள்ளைகளையெல்லாம் நான் மே மாதத்தில் பிறக்க வைத்தேன். நான் மட்டும் இல்லை, என் காலத்து ஆசிரியர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

இவளுக்குக் கை எட்டவே இல்லை. இரண்டு விரல் அளவு குறைந்தது. தாய்க்காரி விடவில்லை.

“காட்டு வேலைக்குப் போகணும் சார். இவளை எங்கன விட்டுட்டுப் போவேன்? இங்கன இருந்தா மத்தியானம் ஒரு வாய்ச் சோறாவது கெடைக்கும். நீங்களே பாத்து ஒரு தேதி போட்டுக்கிடுங்க.”

12-5-1967 என்று போட்டேன். அந்தத் தேதியோடு அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். அந்தத் தேதியோடு 1990இல் ஒரு நூற்பாலையில் சேர்ந்து முப்பத்தைந்து வருடம் கோனில் நூல் சுற்றினாள். 2025 மே மாதம் ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது என்று மாலை போட்டு, ஓர் எவர்சில்வர் குடமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு தொடங்கியது வினை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு மத்திய அரசு ஓய்வூதியம் தரவேண்டும். கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் போட்டாள்; மூன்று முறை திரும்பி வந்தது. ஆதாரில் அவள் பிறந்தது 1-1-1969. படம் எடுத்த அன்றைக்கு வயது கேட்டிருக்கிறார்கள். இவள், ஆடித் தேர் நிலைக்கு வந்து எட்டாம் நாள் பிறந்ததாகத் தாய் சொன்னதை வைத்து விரல் விட்டு எண்ணி ஒரு வயதைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கழித்து, தேதிக்கு ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார்கள். மில்லுக்கு அவளுடைய வயது முடிந்துவிட்டது. டெல்லிக்கு இன்னும் வரவில்லை. இரண்டு தேதியும் ஒன்றாகாமல் பென்ஷன் கிடையாது. கணவன் இல்லை, முழங்கால் தேய்ந்துவிட்டது, வாடகை வீடு.

ஆகஸ்டில் ஒரு நாள் என் வீட்டு வாசலில் நின்றாள். நாற்பத்தெட்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

“சார், எனக்குப் பொறந்த தேதி போட்டது நீங்கதான்னு பள்ளிக்கூடத்துல சொன்னாக. ஏஜென்ட்டு ஆறாயிரம் கேக்கான். குடுத்துரவா?”

“ஒரு பைசா கொடுக்காதே” என்றேன். “சர்க்கார் வேலைக்கு ஏஜென்ட் எதற்கு?”

இப்படிச் சொல்வது என் வழக்கம். நான் சர்க்காரை நம்புகிறவன். டெல்லிக்கு யோசனைகள் எழுதி இதுவரை பதினோரு கடிதம் போட்டிருக்கிறேன். ஒன்பதுக்குப் பதில் வந்தது. ஒன்பதிலும், உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்ற ஒரே வரி. பதில் வந்ததே என்று எடுத்துக்கொள்வேன். என் மகன் அந்தக் கோப்பைப் பார்த்துச் சிரிப்பான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வூதியக் குறைதீர் முகாம் ஒன்று அறிவித்திருந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, அந்தப் பள்ளிக்குப் போனேன். இப்போதைய தலைமை ஆசிரியை பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்து வைத்தார். மை பழுப்பாகியிருந்தது, கையெழுத்து அப்படியே இருந்தது. நகல் எடுக்கிற நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் எண்ணினேன். அந்த ஜூனில் சேர்ந்தது நாற்பத்தாறு பேர். அதில் முப்பத்தொரு பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள். அதிலும் ஒன்பது பேர் பன்னிரண்டாம் தேதியிலேயே. அன்றைக்கு எனக்குக் கை வலித்திருக்க வேண்டும். எண்ணியதிலிருந்து இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் கண்டக்டர் எனக்கு மட்டும் காசு வாங்கினார்.

“சாருக்குப் பன்னெண்டு ரூவா. அக்காவுக்குச் சர்க்கார் செலவு.”

அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: “பாருங்க சார். இந்த சர்க்காரு ஒரு கேள்வி கேக்காம ஏத்திக்கிடுது. டெல்லி சர்க்காருக்கு மட்டும் நான் எந்தத் தேதியில பொறந்தேன்னு தெரியணுமாம். எங்கம்மாவுக்கே தெரியாது.”

“பொய்ப் பெயரில் பென்ஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதானே?”

“நல்லதுதான். பொய்யி சொன்னவனுக்கெல்லாம் வந்துருச்சு. எனக்குத்தான் வரல.”

“வரும்.”

“அவிய குடுக்கக் கூடாதுன்னே இம்புட்டையும் கேக்காக சார். ஏஜென்ட்டுன்னா ரூவாயை வாங்குனா முடிச்சுக் குடுப்பான். அவனை நம்பலாம்.”

காசு வாங்குகிறவனை நம்பலாம், வாங்காதவனை நம்ப முடியாது என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முகாம் மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். நாற்காலிகள் அறுபத்து நான்கு, மின்விசிறிகள் எட்டு, ஓடியவை மூன்று. எங்கள் டோக்கன் முப்பத்தேழு. ஓய்வூதிய அதிகாரி ஒரு மேசையில், ஆதார் திருத்தம் அடுத்த மேசையில். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டிருக்கிறார்களே என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் முறை வர இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் நான் ஆறு முறை எழுந்து போய் வரிசையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதிகாரிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ஏழு தாளையும் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

“பள்ளிக்கூடப் பதிவேடு இருக்குல்ல, அது போதும்மா. ஆதார்ல இந்தத் தேதியை ஏத்திக்கலாம். பொறவு மில்லுல இருந்து ஒரு கடிதம். மே மாசத்துல இருந்து சேர்த்தே வந்துரும்.”

அவள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. நாங்கள் எழுந்திருக்கலாம். அவர் மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார்.

“இது உங்க கையெழுத்தா சார்? முத்து முத்தா இருக்கு.”

ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும்.

“ஆமாம். ஆனால் தேதி நானாகப் போட்டது” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். பதினோரு கடிதம் எழுதியும் பார்க்க முடியாத சர்க்கார், ஒரு நல்ல மனிதராக எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. அவரிடம் உண்மையைச் சொன்னால் ஏதோ ஒன்று திருந்தும் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்த உதவியாளர் கையை எடுத்தார்.

“போட்டதுன்னா?” என்று கேட்டார் அதிகாரி.

காதைத் தொடுவதைச் சொன்னேன். மே மாதத்தைச் சொன்னேன். ஒன்பது பேரைச் சொன்னேன். அவள் என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை.

“சார், செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டீகளா?”

பின்னால் யாரோ, “ஏலே, வாத்தியாரே மாட்டிவிட்டுட்டாருடோய்!” என்றார். நாற்காலி வரிசை முழுவதும் சிரித்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க சொன்னதை நான் கேட்டுட்டேன் சார். இவரும் கேட்டுட்டார். இனி வெறும் நகலை மட்டும் வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது.” பிறகு மேசைக்கு மேல் குனிந்து குரலைத் தணித்தார். “எனக்குச் சர்வீஸ் புக்குல பொறந்த நாள் மே இருபது. எங்கம்மா பாயசம் வைக்கிறது தைப்பூசத்துக்கு.”

கம்ப்யூட்டர் இருந்தால் மனிதர்களை நம்ப வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் இத்தனை சீர்திருத்தமும். தோண்டிக்கொண்டே போனால் அடியில் இருந்தது கை வலித்த ஒரு வாத்தியாரின் மை.

அவரே வழியும் சொன்னார். நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். தேதி உண்மை என்று நான் சொல்ல வேண்டாம். பணியில் இருந்தபோது, பெற்றோர் கூறியபடி இந்தப் பதிவைச் செய்தேன் என்று எழுதினால் போதும். மூன்று மணிக்குள் வேண்டும். அதற்குப் பிறகு முகாம் முடிந்துவிடும். “அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம் சார்.”

“தாய் தேதி எதுவும் கூறவில்லையே” என்றேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். “எங்கம்மா ‘நீங்களே போட்டுக்கிடுங்க’ன்னு சொன்னாளா இல்லையா?”

“சொன்னாள்.”

“நீங்க போட்டீகளா?”

“போட்டேன்.”

“அப்ப எங்கம்மா கூறுனபடிதான போட்டிருக்கீக? வாங்க ஆட்டோவுக்கு.”

நீதிமன்ற வாசலுக்குப் போனபோது ஒன்று பத்து. பத்திரம் விற்பவர் சாப்பிடப் போயிருந்தார். நாற்பது நிமிடம். அவள் என்னைவிட்டுத் தள்ளி, ஒரு டைப்பிங் கடைப் படியில் உட்கார்ந்தாள். நான் நடந்துகொண்டிருந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எழுபத்திரண்டு அடி.

“ஏஜென்ட்டுக்கிட்டயே போயிருப்பேன் சார்” என்றாள் ஒரு தடவை, என்னைப் பார்க்காமலே. “நீங்க போகாதன்னு சொன்னதாலதான் இருந்தேன்.”

ஆறாயிரம் வாங்குகிறவன் கட்டாயம் இப்படி உளறியிருக்க மாட்டான்.

தட்டெழுத்துக்காரர் அடித்துக் கொடுத்ததை மூன்று முறை படித்தேன். ‘எனக்குத் தெரிந்தவரை உண்மை’ என்று முடிந்தது. எனக்குத் தெரிந்தது என்ன? அவள் கை எட்டவில்லை என்பது தெரியும். அந்தத் தேதியில் அவள் பிறக்கவில்லை என்பது ஏறக்குறைய தெரியும். மணி இரண்டு இருபது. அவள் படியிலிருந்து எழுந்து வந்து பேனாவை மூடி கழற்றி நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். நோட்டரி தலை நிமிராமல் முத்திரை குத்தினார். ஒரு பத்திரத்துக்கு அவருக்கு ஆன நேரம் பதினான்கு விநாடி.

இரண்டு ஐம்பதுக்கு மண்டபத்தில் கொடுத்தோம். அதிகாரி வாங்கிப் படித்து, கோப்பில் சேர்த்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் அவளுக்குப் பென்ஷன் ஏறிய செய்தி வந்தது. மே மாதத்திலிருந்து கணக்குப் போட்டு, நிலுவையோடு. கைபேசியைத் தூக்கிக்கொண்டு அவளே வீட்டுக்கு வந்து காட்டினாள். எழுத்து சிறியதாக இருந்தது. இரண்டு முறை வாசித்தேன்.

“இப்போதாவது சர்க்கார் மேல் நம்பிக்கை வந்ததா?” என்றேன்.

“அந்தக் கண்ணாடிக்காரரை நம்புதேன் சார். அவருக்கு மாத்தல் வந்து வேற ஊருக்குப் போயிட்டா?”

அன்று சாயங்காலமே டெல்லிக்குப் பன்னிரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம். பிறந்த தேதி இல்லாத தலைமுறையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் சொல்கிற ஒரே ஒரு தேதியை ஏற்று, அதையே எல்லாத் துறைக்கும் வைத்துவிடலாம் என்பது யோசனை. அது ஏன் வேண்டும் என்று விளக்க, முப்பத்தொரு பேரையும் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். தபால் தலை வாங்கி ஒட்டி, பெட்டி வரைக்கும் போனேன். அந்த முப்பத்தொரு பேரில் நான்கு பேர் அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் பென்ஷனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். பதினோரு கடிதத்தையும் யாரும் படிக்கவில்லை. இதைப் படித்துவிட்டால்? உரிய துறைக்கு அனுப்பிவிட்டால்? திரும்பி வந்துவிட்டேன். கடிதம் அலமாரியில் இருக்கிறது. வாரம் ஒரு முறை எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் போடவில்லை, கிழிக்கவும் இல்லை.

செலவைத் தருகிறேன் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். என் வாயால் வந்த செலவு, வாங்க முடியாது. சேத்தூருக்குப் போய்வர இருபது, நகல் பதினெட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்வர இருபத்து நான்கு. இதோடு முடிந்திருக்கும். பத்திரம் இருநூறு, தட்டெழுத்து நூற்றைம்பது, நோட்டரி இருநூறு, ஆட்டோ இரண்டு முறைக்கும் சேர்த்து நூற்றிருபது. போடாத கடிதத்தின் தபால் தலை இருபத்தைந்து. ஆக மொத்தம் எழுநூற்று ஐம்பத்தேழு ரூபாய்.