படத்துல அந்தப் பொண்ணு முழிச்சிட்டாளா?

பினாயில் வாசனை. அதோட கேன்டீன்ல கொதிக்கிற சாம்பார் வாசனை. இது ரெண்டும் சேர்ந்து எங்கயாவது மூக்குல ஏறினா, இன்னிக்கும் எனக்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகத்துக்கு வரும்...

2004-ஆ 2005-ஆன்னு சரியா ஞாபகம் இல்லை. மேற்கு தாம்பரத்துல ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். என் மனைவி மாலாவுக்கு வயித்துல கட்டி, ஆபரேஷன். கல்யாணமாகி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. "ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்"னு சொல்லிட்டு டாக்டர் பத்து மணிக்கு உள்ள போனார். பன்னெண்டரைக்கு நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு சார். ஆனா மயக்கம் இன்னும் தெளியல, வெயிட் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு கதவைச் சாத்திட்டாங்க.

அந்த "ஆனா" இருக்கே... அதுக்கப்புறம் எனக்கு உட்காரவும் முடியல, நிக்கவும் முடியல.

வெயிட்டிங் ஹால்ல இரும்பு நாற்காலி வரிசை. நாலு நாற்காலி தள்ளி என் மாமியார். சிட்லபாக்கத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சர். எங்களோடது லவ் மேரேஜ், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நடந்தது. அன்னிலேர்ந்து அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. பொண்ணுக்கு ஆபரேஷன்னதும் லீவு போட்டுட்டு ஓடி வந்துட்டாங்க. ஆனா என் பக்கத்துல உட்கார மட்டும் மனசு வரல.

எதிர் சுவத்துல ஒரு டிவி. தமிழ்ல டப் பண்ணின இங்கிலீஷ் படம் ஓடிட்டிருந்தது. ஒரு பொண்ணுக்கு மருந்தே இல்லாத வியாதி. மருந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள தூங்க வச்சிடறாங்க. காதலன் வெளியில காத்திருக்கான். அம்பது வருஷம் ஓடிடுது, கார் எல்லாம் பறக்குது. டப்பிங்ல அவன் "ஆருயிரே, உறங்கு"ன்னு உருகறான். வேற நாளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்.

அன்னிக்கு சிரிப்பு வரல. இந்தப் பொண்ணு முழிச்சா மாலாவும் முழிச்சிடுவான்னு மனசுக்குள்ள ஒரு கிறுக்குத்தனம் புகுந்துடுச்சு. நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். கோயிலுக்குப் போறதுக்கே சோம்பல்படற ஆளு. பயம் வந்துட்டா புத்தி எங்க வேலை செய்யுது?

பெட்டியோட மூடி மெதுவா திறக்குது... உள்ள ஒரு விரல் லேசா அசையுது...

கரண்ட் போச்சு.

ஜெனரேட்டர் போட்டாங்க. ஆனா அது ஆபரேஷன் தியேட்டருக்கும் நாலு லைட்டுக்கும் மட்டும்தான். டிவி வரல.

அப்பதான் மாமியார் அந்த இருட்டு டிவியைப் பார்த்துக்கிட்டே பேசினாங்க. "அந்தப் பொண்ணு முழிச்சிட்டாளான்னு... எங்கயாவது பார்த்துட்டு வர முடியுமா?"

யாரைக் கேக்கறாங்கன்னு திரும்பிப் பார்த்தேன். பின்னாடி யாரும் இல்லை. அவங்க கையில முந்தானை நுனி கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. அவங்களும் என்னை மாதிரியேதான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டிருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

ஓடினேன். இப்ப நினைச்சா பைத்தியக்காரத்தனம்தான். மேற்குப் பக்கம் முழுக்க கரண்ட் இல்லை. ஸ்டேஷன் பாலம் ஏறி கிழக்கு தாம்பரத்துல இறங்கினா அங்க இருந்தது. ஒரு டிவி ரிப்பேர் கடை. உள்ள கிரிக்கெட் ஓடுது.

"அண்ணா, ஒரே ஒரு நிமிஷம்... டப்பிங் இங்கிலீஷ் படம் ஒண்ணு ஓடுதே, அந்த சேனல் போடுங்களேன். என் வைஃப் ஆஸ்பத்திரியில இருக்கா."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், பொண்டாட்டிய ஆஸ்பத்திரில போட்டுட்டு படம் பாக்க வந்துகீறியா?"

நியாயமான கேள்விதான். என் மூஞ்சியைப் பார்த்து என்ன தோணுச்சோ, சேனலை மாத்திட்டார்.

அந்தப் பொண்ணு முழிச்சிருந்தா! ஜன்னல் ஓரமா நின்னுட்டிருந்தா. எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்ப ஒருத்தர் அவ கையில ஒரு லெட்டரைக் கொடுக்கறார். காதலன் எழுதி வச்சது. அவன் போன வருஷமே செத்துட்டானாம். அவ்வளவு வருஷம் காத்திருந்துட்டு...

நான் அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் வேண்டியிருந்தேன். அவனை மறந்தே போயிட்டேன். எப்பவும் தண்டவாளத்தைத் தாண்டிக் குதிச்சுப் போறவன், எனக்கும் ஏதாவது ஆயிடக் கூடாதேன்னு அன்னிக்கு திரும்பும்போதும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு பாலத்து மேலயே வந்தேன்.

மாமியார் வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க. மூச்சு வாங்க, "முழிச்சிட்டா"ன்னு சொன்னேன்.

"இங்கயும் முழிச்சிட்டா. கண்ணைத் திறந்ததும் உங்களைத்தான் கேட்டா"ன்னாங்க. சொல்லிட்டு அழுதுட்டாங்க.

நானும்தான்.

சாயங்காலம் கேன்டீன்ல மாமியாருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, "அந்தப் பையன் கடைசி வரைக்கும் இருந்தானா மாப்ள?"ன்னு கேட்டாங்க. அவங்க என்னை மாப்ளன்னு கூப்பிட்ட முதல் தடவை அது. "இருந்தான் அத்தை, ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆயிடுச்சு"ன்னு வாய் கூசாம பொய் சொன்னேன்.

இப்பன்னா போன்ல ரெண்டு வார்த்தை தட்டினா போதும். படத்தோட பேர், முடிவு, எல்லாம் வந்து கொட்டிடும். பாலம் ஏறி ஓட வேண்டியதே இல்லை. நான் இது வரைக்கும் தட்டிப் பார்த்ததில்லை. அத்தையும் இப்ப எங்ககூடத்தான் பீர்க்கன்கரணைல இருக்காங்க. அந்தப் படத்தைப் பத்தி அவங்களும் அப்புறம் கேட்டதில்லை.

மாலா மட்டும் விடமாட்டா. "நான் கண்ணு முழிச்சப்ப இவர் படம் பார்த்துட்டிருந்தார்"னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பா. நானும் கூடவே சிரிப்பேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு அவ ஒரு மணி நேரம் தூங்குவா. நான் பக்கத்துல பேப்பரை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அவ கண்ணு முழிக்கிற வரைக்கும், காலிங் பெல் அடிச்சாலும் எழுந்திருக்க மாட்டேன். அத்தைதான் போய்க் கதவைத் திறப்பாங்க. ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.