பெயின்டர் வீட்டுப் பட்டாளம்

கார் பட்டறையில் பெயின்ட் அடிப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் நிறம் என்றாலே ஆகாது. வாரம் முழுக்கச் சிவப்பும் நீலமும் மூக்குவரை ஏறிக் கிடக்கும். அதனால்தான், மூடப்போகிற பொம்மைக் கடையொன்றில் அள்ளிவந்த பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு அவர் ஒரு சொட்டு வர்ணம்கூடப் பூசவில்லை. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, கைகால் ஒட்டி, வந்த சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட்டார். ஒரு பழைய கதவைப் பெஞ்சுகள்மேல் போட்டால் போர்க்களம். மேலே விரித்த வெளிர்போர்வைக்கு அடியில் புத்தகங்களைச் செருகினால் மலை. ஆட்டம் இதுதான்: அளவு நாடாவால் அளந்து ஆளை நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். எதிராளி கிடைக்காததால் இரண்டு பக்கமும் அவரே ஆடிக்கொண்டிருந்தார்.

எதிராளி வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. மனைவியின் அண்ணன், பல் கட்டும் கூடத்தில் வேலை. செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்துவதில் கெட்டிக்காரர். தங்கை ஒரு பெயின்டரைக் கட்டிக்கொண்டது பிடிக்காமல் கல்யாணத்துக்கே வராதவர். தங்கை பிள்ளையுண்டாகிப் படுத்த படுக்கையானபோதுதான் மனசு கேட்காமல் படியேறினார். அவளைப் பார்த்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தவர், வீட்டுக் கூடத்தில் கதவுப் பலகை முன்னால் நின்றுவிட்டார். பெயின்டர் கையில் பகடையோடு பின்னால் நின்றார்.

"அந்த மலைக்குப் பின்னால ஆளை நிறுத்தினா எப்படிச் சுடுவான்?" என்றார் மச்சான். அவர் பெயின்டரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சுட வேண்டாம். ஒளிஞ்சிருந்தா போதும்."

"யாருக்குப் பயந்து?"

பெயின்டர் பகடையை நீட்டினார். மச்சான் வாங்கி உருட்டினார். அடுத்த ஞாயிறு சொந்தமாக ஒரு பெட்டிச் சிப்பாய்களோடு வந்து நின்றார். அவை வெளுத்த மஞ்சளில், அசல் பல் நிறத்தில் இருந்தன. படுத்தபடியே எட்டிப் பார்த்த தங்கை அதற்குப் பல்லுப் பட்டாளம் என்று பேர் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கிடந்தாள்.

பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போனது. ஞாயிறு ஆட்டம் நிற்கவில்லை. இரண்டு பேரும் பெரிதாகக் குடும்ப விஷயம் பேசியதில்லை. ஆனால் 'மாப்ள, உங்க இடது பக்கம் ஓட்டை' என்று மச்சான் வாய்நிறைய மாப்பிள்ளை போடுவதைக் கேட்கவே அவள் அடுப்படியில் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவுவாள்.

ஒருமுறை, இதே ஆட்டத்துக்குப் போட்டி நடக்கிறதென்று கேள்விப்பட்டு இருவரும் படைகளைச் செருப்புப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஒவ்வொரு சிப்பாய்க்கும் கண்ணிமைவரை வர்ணம் தீட்டியிருந்தது. நடத்தியவர் மரியாதையாகத்தான் சொன்னார், வர்ணம் பூசாத படைக்கு அனுமதியில்லை என்று. என்ன தொழில் செய்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு இவர்கள் உண்மையைச் சொன்னதும் மனிதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் இவர்களுக்கும்தான்.

பிறகு மச்சான் தோற்க ஆரம்பித்தார். தொடர்ந்து தோற்றார். முதலில் பெயின்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போகப் போகத்தான் கவனித்தார்: மச்சான் பலகையைப் பார்க்கவில்லை, தடவுகிறார். பகடையை மூக்கருகே கொண்டுபோகிறார். வெளிர்போர்வைமேல் வெளிர்சிப்பாய்கள் அவர் கண்ணுக்குக் கரைந்துபோயிருந்தன. கண் மங்கியதையும் அதனால் வேலையை விட்டுவிட்டதையும் தங்கையிடம் அவர் மறைத்திருந்தார்.

 பல்லுப் பட்டாளம் எப்போதும் பெயின்டர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். திங்கட்கிழமை பெயின்டர் அதைப் பட்டறைக்கு எடுத்துப்போனார். கார் பெயின்டில் கலக்கும் தின்னர் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும் என்று அவருக்குச் சந்தேகம். தன் சாம்பல் சிப்பாய் ஒருவனை எடுத்து முதலில் அவன்மேல் அடித்துப் பார்த்தார். பாவம், அவன் முகம் மெழுகாய் வழிந்தது. வேறு பெயின்ட் வாங்கி, தூசு படிவதுபோல மெல்ல மெல்ல அடித்துக் காயவைத்தார். பளீரென்ற மஞ்சள், சாலையில் பள்ளம் தோண்டுகிறவர்கள் போடும் சட்டையின் மஞ்சள். போர்வையையும் கறுப்பாக மாற்றினார்.

ஞாயிறன்று மச்சான் பலகை முன்னால் உட்கார்ந்தார். கறுப்புப் போர்வைமேல் நின்ற மஞ்சள் சிப்பாய்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். 

"என் கண்ணு சரியில்லைன்னு எப்பலேர்ந்து தெரியும்?"

"போன மாசம்."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருக்கேன்."

மச்சான் ஒரு சிப்பாயைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெயின்ட் அடிக்கிறதில்லைன்னு வீம்பா இருந்தீங்களே மாப்ள," என்றார். அப்புறம் குரலை உயர்த்தித் தங்கையைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை. அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த மஞ்சளின் தயவில் மேலும் சில வருஷங்கள் ஆடினார்கள். மச்சான் சளைக்காமல் ஜெயித்தார். ஒரு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

பெயின்டர் இப்போது பட்டறைக்குப் போவதில்லை. ஞாயிறு காலைகளில் மனைவியோடு கொஞ்சதூரம் நடந்துவிட்டு வருகிறார். வழியில் அவள் அண்ணனைப் பற்றி, இவருக்குத் தெரியாத சின்ன வயசுக் கதைகளாகச் சொல்லிக்கொண்டு வருவாள். இவரும் ஒவ்வொன்றுக்கும் நின்று, மீதியையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்.