உயர்த்தாத சுவரும் வியாழனின் நிலாக்களும்

ஞானராஜ் சாரின் மரணச் செய்தி, எங்கள் இரு வீடுகளுக்கும் இடையிலுள்ள சுவருக்கு மேலாகத்தான் வந்தது. அவர் மனைவி ரஞ்சிதம், "அக்கா, அவிய போயிட்டாக" என்றாள். முந்தின மாலை என்னோடு பேசிய மனிதர். எந்த டாக்டர் பார்த்துச் சொன்னார் என்று கேட்டேன். என் சுபாவம் தெரிந்தவள், பதில் சொன்னாள்.

உங்களில் பலருக்கு அவரை மில் இன்ஜினியராகத் தெரியும். ஓய்வு பெற்றதும் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு ராஜபாளையத்துக்கு, என் பக்கத்து வீட்டுக்கு வந்தார். வந்ததும் கொல்லையில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தினார். விளக்கு வைக்கும் நேரமானால் அது என் மாடியைத்தான் பார்க்கும். விதவை தனியாக இருக்கும் வீட்டை நோக்கி ஒரு குழாய் எதற்கு? சுவரை உயர்த்தக் கொத்தனாருக்குச் சொல்லிவிட்டு, அவரிடம் நேரே போய்க் கேட்டேன்.

வியாழன் என் மாடிக்கு மேலேதான் எழுகிறதாம். நான் நம்பவில்லை. குழாயை என் மாடிக்கே திருப்பச் சொன்னேன். கைப்பிடிச் சுவர் தலைகீழாக, கலங்கலாகத் தெரிந்தது. கலங்கலாகவாவது தெரிகிறதே என்றேன். அவர் சிரிக்காமல் குழாயை மேலே திருப்பினார். வெளிர்மஞ்சள் வட்டம், இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள். கண்ணாடியில் தூசி என்றேன்.

"குழாயைச் செத்த அசைங்கம்மா. தூசின்னா அங்கனயே நிக்கும். நிலான்னா வியாழனோட போகும்."

அசைத்தேன். வியாழனோடு போயின.

அப்போதும் நான் சுவரை விட்டுக்கொடுக்கவில்லை. அது உயர்ந்தால் அவருடைய கிழக்கு வானத்தில் பாதி போய்விடும். "சுவர் உங்களுது. நாளைக்கும் ஒருவாட்டி பாத்துட்டு உயத்துங்க" என்றார்.

மறுநாள் மூன்றுதான் இருந்தன. நேற்றைய நான்கு பொய்யா, இன்றைய மூன்று பொய்யா என்று கேட்டேன். ஒன்று வியாழனுக்குப் பின்னால் இருக்கிறது, காத்திருங்கள் என்றார். என்னை ஏய்க்கிறார் என்றே நினைத்தேன். காப்பி கொண்டுவந்த ரஞ்சிதம், "எனக்கும் இவிய மேல சந்தேகந்தான் அக்கா. சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் காது கேக்காது" என்றாள். காப்பி ஆறிப்போனது. கடைசியில் வட்டத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் ஒன்று முளைத்து, மெல்லப் பிரிந்து நின்றது. சரி என்று மட்டும் சொன்னேன்.

காலையில் கொத்தனாரைத் திருப்பி அனுப்பினேன். ஞானராஜ் சார் காரணம் கேட்கவில்லை. வானம் தெளிந்த மாலைகளில், "சரிபாக்க வாரீகளாம்மா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிடுவார். என் சந்தேகத்தை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாத ஒரே மனிதர். "சந்தேகப்படுறவுகதான் ரெண்டாந்தரம் வந்து பாப்பாக" என்பார்.

அடக்க ஆராதனையில் போதகர், அவர் இல்லாமற்போகவில்லை, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்றார். பார்க்காமல் எதையும் நம்புகிறவள் அல்ல நான். ஆனால் இதே போன்ற ஒரு பேச்சைச் சந்தேகப்பட்டுக்கொண்டே, காப்பி ஆறும்வரை காத்து நின்றிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காத்திருப்புதான். சுவர் இருக்கிற உயரத்திலேயே இருக்கும்.