பட்டுவின் பசி

போன வாரம் அடையாறில் மழை. கால்டாக்ஸி ஓட்டுகிறேன், உங்களுக்குத் தெரியும். போனில் ஒரு பெண்.

"அண்ணா, என்கூட ஒரு லேப்ரடார் இருக்கான். ரெண்டு டிரைவர் கேன்சல் பண்ணிட்டாங்க. நீங்களாவது வருவீங்களா?"

"வரேம்மா" என்றேன்.

பெண் ஏறினாள். பிறகு நாய் ஏறியது. கதவைச் சாத்தியதும் வாசனை வந்தது. நனைந்த நாயின் வாசனை. சிலருக்கு நாற்றம். எனக்கு அது நனைந்த கோணிச்சாக்கும் பழைய சோறும் கலந்த மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன். பொன் நிறம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தி.நகர் வரை போகவேண்டும். நான் எப்போதுமே அதிகம் பேசாதவன். 

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில் டிரைவராக இருந்தேன். குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு. வெள்ளை அம்பாசிடர். சார், மாமி, ஒரே மகள். மகளைப் பாப்பா என்றுதான் நானும் கூப்பிடுவேன். காலேஜ் முடித்த பாப்பா. ஒருநாள் அடையாறில் சிநேகிதி வீட்டிலிருந்து கூடையில் ஒரு லேப்ரடார் குட்டியைக் கொண்டுவந்தது. அதே வருடம் கல்யாணமாகி பம்பாய் போய்விட்டது. குட்டி இங்கேயே நின்றுவிட்டது.

பாப்பா வைத்த பெயர் ரோவர். மாமிக்கு அது வாயில் வரவில்லை. முடி பட்டு மாதிரி இருக்கிறது என்று பட்டு என்றார். சார் "டேய்" என்பார். நாய்க்கு மூன்று பெயர். எனக்கு டிரைவர் என்ற ஒன்றுதான்.

நாயை அது என்று சொல்லப் பார்த்தேன். அவன் என்றுதான் வருகிறது. விட்டுவிடுகிறேன்.

கார் துடைப்பதோடு அவனையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று. காலையில் நடக்கக் கூட்டிப் போவேன். காது மடலுக்குள் உண்ணி இருக்கும். பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவேன். அசையாமல் இருப்பான். காது தொங்கும் ஜாதி. உள்ளே ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும். குளிப்பாட்டிய பிறகு பழைய வேட்டித் துணியால் காதைத் துடைக்க வேண்டும். முடி வருடம் பூராவும் கொட்டும். சாரின் கறுப்புக் கோட்டு பூராவும் அவன் முடி. கோர்ட்டுக்குக் கிளம்பும்போது ஈரக்கையால் கோட்டைத் தடவி முடி எடுப்பது என் வேலை. எடுத்தும் நாலு இருக்கும். "வக்கீல் சார், உங்க ஜூனியர் வரலையா?" என்று கோர்ட்டில் கேலி பண்ணுவார்களாம். சாருக்கு அதில் பெருமைதான்.

காவலுக்கு ஆகமாட்டான். கேஸ் சிலிண்டர் போட வருகிறவனைத் தெரு முனைவரை போய் வழியனுப்பிவிட்டு வருவான்.

தண்ணீர் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் பீச்சுக்கு வண்டியில் கூட்டிப் போவோம். என் பழைய ரப்பர் செருப்பை அலையில் வீசுவேன். நீந்திப் போய்க் கவ்வி வருவான். எத்தனை தடவை வீசினாலும். கைதான் வலிக்கும், எனக்கு.

அந்த வருடங்களில் தண்ணீர்ப் பஞ்சம் ஞாபகம் இருக்கிறதா? தெருவுக்கு லாரி வரும். பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். லாரி ஹாரன் கேட்டால் பட்டு ஒரு குடத்தை வாயில் கவ்விக்கொண்டு ஓடி வரிசையில் போய் உட்காருவான். எந்த வீட்டுக் குடம் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

"மாமி! எங்காத்துக் குடத்தை உங்க பட்டு தூக்கிண்டு போயிடுத்து!"

"முன்னாடி எடம் பிடிச்சிருக்கானோல்லியோ? நீங்களே பிடிச்சுக்குங்கோ" என்பார் மாமி.

குடத்தில் ஒரு பல் தடம் இருக்காது. அந்த ஜாதிக்கு வாய் அவ்வளவு மெது. அதில்தான் நான் மாட்டினேன்.

அது பூண்டு வெங்காயம் கூட அளந்து சேர்க்கும் வீடு. பட்டுவுக்கு இரண்டு வேளையும் தயிர்சாதம். தட்டை வைத்ததும் மூன்று நொடி. பிறகு தட்டை நக்கி நக்கிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போவான். பிறகு நிமிர்ந்து பார்ப்பான். அந்தப் பார்வையைத்தான் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள். நான் கடைசி. பானை என்னிடம் வரும்போது தண்ணீர்தான் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அதிகம் படிக்கத் தெரியாது. பசி தெரியும். பசித்த கண் எப்படி இருக்கும் என்று தெரியும். பட்டுவின் கண் அப்படித்தான் இருந்தது. பெரிய வீடு, வாயில்லாத ஜீவனுக்கு வயிறு நிறையப் போடத் தெரியவில்லை என்று நினைத்தேன். நடக்கப் போகும்போது டீக்கடையில் நாலு பொறை வாங்கிப் போட ஆரம்பித்தேன். அந்தக் காய்ந்த ரொட்டிதான். பிறகு ஒரு அவித்த முட்டை.

"இன்னா நைனா, உன் மொதலாளி வந்துகீறாரு" என்பான் டீக்கடை மணி, பட்டுவைப் பார்த்து. "நாலு போதுமா? பாரு, ஒரு வாரமா சோறு காணாத மாதிரி பாக்குறான்."

"ஆறா குடு."

ஒருநாள் அவித்த முட்டை இல்லை. பச்சை முட்டையை உடைத்து ஊற்றலாம் என்று வாங்கிவந்து வாசல் திண்ணையில் வைத்தேன். சார் உள்ளிருந்து கூப்பிட்டார். திரும்பினேன். முட்டையைக் காணோம். பட்டுவையும் காணோம்.

நேராக உள்ளே போயிருக்கிறான். மாமி பூஜையை முடித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் முட்டையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றான். ஒரு கீறல் இல்லை.

வேலை போயிற்று என்று நினைத்தேன். மாமி முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டிரைவர், நம்மாத்துல கோழி வளர்க்கறோமா என்ன?"

பேப்பரைக் கிழித்து முட்டையைச் சுற்றி என் கையில் கொடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்குப் பசிக்கறதுதான். நான் என்ன பண்ணுவேன், என்னால இதெல்லாம் குடுக்க முடியுமா? வெளிலயே வெச்சுக் குடுங்கோ. எனக்குத் தெரியாது. சாருக்கும் தெரிய வேண்டாம்."

ஞாயிறுதோறும் பம்பாயிலிருந்து போன் வரும். பாப்பாவின் முதல் கேள்வி, "ரோவர் சாப்ட்டானா?" மாமி ரிசீவரை அவன் காதில் வைப்பார். சாப்பிட்டான் என்று சொல்வதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் முக்கியம்.

ஐந்து வயதில் பின்கால் இழுக்க ஆரம்பித்தது. அடையாறில் நாய் டாக்டர். தராசில் நிற்கமாட்டேன் என்றான். அவனைத் தூக்கிக்கொண்டு என்னை நிற்கச் சொன்னார் டாக்டர். பிறகு என்னை மட்டும் நிறுத்தினார். நாயைவிட நான் எட்டு கிலோதான் அதிகம். டாக்டர் சிரிக்கவில்லை.

"இடுப்பு மூட்டு சரியில்ல. இந்த ஜாதிக்கு வர்றதுதான். எடை குறைஞ்சா ஓட்டிடலாம். குறையலைன்னா காலு போயிடும். வயிறு ரொம்பினது இதுங்களுக்குத் தெரியவே தெரியாது. எப்பவும் பட்டினி கெடந்த மாதிரிதான் பாக்கும். நாமதான் நிறுத்தணும். வீட்டுல யாராவது கூட ஏதாவது குடுக்கறீங்களா?"

சார் மின்விசிறியைப் பார்த்தார். மாமி புடவைத் தலைப்பைப் பார்த்தார். நான் பட்டுவைப் பார்த்தேன். பட்டு டாக்டரின் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தான்.

திரும்பும்போது மாமி சொன்னார், "அந்தத் தராசே கோளாறா இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பசி பொய் சொல்லும் என்று எனக்கு யார் சொன்னாலும் நம்பியிருக்கமாட்டேன். நெய் வேண்டாம் என்றார் டாக்டர். மாமி தயிர்சாதத்துக்கு அடியில் நெய்யை வைத்து மூடினார். பார்த்தேன். சொல்லவில்லை. நானும் ஆறு பொறையை நாலாக்கினேன். அதுவே பெரிய தியாகம் என்று எனக்கு நினைப்பு.

இரண்டு வருடம் போயிற்று. ஐப்பசி மழையில் ஒருநாள் பட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாளும் இல்லை. படுத்தபடியே சாப்பிட்டான். கீழே நனைந்துவிடும். துடைத்து, திருப்பிப் படுக்க வைப்பேன். திருப்பும்போது கத்துவான். கத்திவிட்டு என் கையை நக்குவான்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் போனில், "கொண்டு வாங்க. இனிமே வலியில வெச்சிருக்க வேண்டாம்" என்றார்.

மாமி வரவில்லை. தட்டில் சாதம் பிசைந்துகொண்டுவந்து தரையில் உட்கார்ந்து ஊட்டினார். "நெய் விட்டிருக்கேன்" என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல். முதல் தடவையாக மறைக்காமல்.

ஜமக்காளத்தில் படுக்க வைத்து ஒரு பக்கம் சார், ஒரு பக்கம் நான், தூக்கி பின்சீட்டில் வைத்தோம். கோர்ட்டுக்குப் போட்ட கோட்டோடு சார் பக்கத்தில் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் வீட்டுக்குப் போகும் வழிதான் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகும் வழி. அடையாறு பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. ஆற்று வாடை அடித்தது. பட்டுவுக்கு அது தெரியும். இதைத் தாண்டினால் கடல். தலையைத் தூக்கினான். வாலைச் சீட்டில் அடித்தான். டொப், டொப் என்று. எனக்குப் பின்னால் அந்தச் சத்தம்.

அப்போதுதான் சார் சொன்னார்.

"தினம் கார்த்தால நாலு இட்லி வெப்பா. ரெண்டு இவனுக்குத்தான் போட்டுண்டு இருந்தேன். டாக்டர் சொன்னப்புறமும் நிறுத்தலை. மாமிக்குத் தெரியாது. நான்தாம்ப்பா இவனை இப்படிப் பண்ணிட்டேன்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஒண்ணும் குடுத்ததில்லையே?"

"இல்ல சார்."

முன்வண்டி நகர்ந்தது. கியரைப் போட்டேன்.

டாக்டர் மேஜையில் ஒரு பிஸ்கட் கொடுத்தார். விழுங்கினான். ஊசியை எடுத்தார்கள். பட்டு மூக்கை நீட்டி என் சட்டைப் பையை மோந்தான். உள்ளே பொறை இருந்தது. காலையில் பழக்கத்தில் வாங்கியது. மறுபடி மோந்தான். சார் பக்கத்தில் நின்றார். இப்போதுதான் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். எப்படி எடுப்பேன்? கையைப் பைமேல் வைத்து மூடிக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்தான். அதே பார்வை. ஊசி இறங்கியது. அப்படியே கண் நின்றது.

கொல்லையில் முருங்கைக்கு அடியில் நான்தான் குழி தோண்டினேன். பொறையைக் குழியிலும் போடவில்லை. சார் நின்றுகொண்டே இருந்தார். வீட்டுக்குப் போய் நானே தின்றேன். மழையில் நமுத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் மாமி பாப்பாவிடம் "வயசாயிடுத்தும்மா" என்றார். பட்டுவுக்கு ஏழு வயதுதான்.

சார் அதற்குப்பிறகு இட்லி தொடவில்லை. "ஏன்னே தெரியலை, வேண்டாங்கறார்" என்று மாமி என்னிடம் குறைப்பட்டார். எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். பொறை, முட்டை, நெய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் பாரம் மூன்றாகப் பிரிந்திருக்கும். வேலை போய்விடும் என்று முதலில் பயம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பாரே என்று பயம். கோட்டில் முடி மட்டும் ரொம்ப நாள் வந்துகொண்டிருந்தது. எங்கிருந்துதான் வந்ததோ. கடைசியில் ஒருநாள் தோள்பட்டையில் ஒன்றே ஒன்று. ஈரக்கையைக் கொண்டுபோனேன். "இருக்கட்டும்ப்பா" என்றார் சார்.

நாலு வருடம் கழித்து சார் போனார். மாமியைப் பாப்பா பம்பாய்க்குக் கூட்டிப்போயிற்று. அம்பாசிடரை விற்றார்கள். வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. முருங்கை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். ஒருமுறை சவாரிக்காக நானே அங்கே நிறுத்தினேன், இறங்காமல். மணியின் டீக்கடை மொபைல் கடை ஆகிவிட்டது. தெருவில் லாரி வருவதில்லை, குடமும் இல்லை. சொல்லலாம் என்றால் சொல்வதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

தி.நகர் வந்தது. மழை விட்டிருந்தது.

"அண்ணா, நீங்க நாய் வளர்த்திருக்கீங்களா? இவன் உங்களையே பாத்துட்டு வர்றானே."

"இல்லம்மா."

அப்போதும் அந்த வார்த்தைதான் வந்தது.

நாய் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி என் சட்டைப் பையை மோந்தது.

"அய்யோ, ஒண்ணும் குடுத்துடாதீங்கண்ணா" என்றாள் பெண், சிரித்துக்கொண்டே. "இப்பதான் சாப்ட்டான். சும்மா நடிப்பான்."

மறுபடி மோந்தது. பையைத் திறந்து காட்டினேன். போன் மட்டும்தான் இருந்தது.