பனையைப் பார்த்து நின்ற காளை

1954ஆம் வருஷம் பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஞானசிகாமணி டிராயிங் மாஸ்டராக இருந்தார். ஒரு வம்புக்கும் போகாத மனுஷர். வம்புதான் அவரைத் தேடி வந்தது, அதுவும் ஒரு காளையின் வாலைப் பிடித்துக்கொண்டு.

அப்போது மலையாள நாட்டோடு இருந்த மார்த்தாண்டத்தில், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு மாதம் இருக்கும். நெய்யாற்றின்கரையில் ஆசிரியர்கள் நடத்திய கண்காட்சிக்கு அவர் ஒரு நீர்வண்ணப் படம் கொடுத்தார். தனுவச்சபுரத்து வயல்தான். ஒரு ஓரம் பனை, மறு ஓரம் தென்னை, நடுவே உழவு முடிந்து அவிழ்த்துவிட்ட காளை. காளை பனையைப் பார்த்து நின்றது. வயலில் அப்படித்தான் நின்றது, அவரும் அப்படியே வரைந்தார். வேறென்ன செய்வார்?

மேலதிகாரிகளுக்கு மொட்டைக் கடிதம் போயிற்று. பனை தமிழ்நாடாம், தென்னை மலையாள நாடாம், காளை நெய்யாற்றின்கரைத் தாலுகாவாம். தாலுகா தென்னைக்குப் பின்புறத்தைக் காட்டிவிட்டுத் தமிழ்நாட்டுக்குப் போகிறது என்று டிராயிங் மாஸ்டர் பிரசாரம் செய்கிறாராம். நன்றாகப் படித்தவன் எவனோதான் எழுதியிருக்கிறான், அதுதான் எரிச்சல்.

ஹெட்மாஸ்டர் கிருஷ்ணன்குட்டி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சாறே, எனக்கு மனசிலாவும். ஆனா மேல உள்ளவங்களுக்கு விளக்கம் வேணுமாக்கும். படத்துல ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்ணு எழுதித் தாரும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கெடைக்கல்லேண்ணா சஸ்பென்ஷன்."

இருபத்தாறு வருஷத்து வேலை. வெளியே வந்தவரை டீக்கடை முன்னால் பொன்னுதாஸ் மடக்கினான். அவன் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்கிற கூட்டத்தில் முன்னால் நிற்கிறவன்.

"படம் பாத்தேன் சாறே. நம்ம பக்கம் வாற காளை இப்பிடித் தலையத் தொங்கப்போட்டா வரணும்? கொம்பத் தூக்கிட்டு வாற மாதிரி மாத்தும்."

"அது மாடாக்கும் பொன்னுதாசே. சோர்ந்து நிக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"அப்போ நீரு எந்தப் பக்கம்?"

இரண்டு வருஷமாக இதே கேள்வி. அப்பா வீடு தமிழ்ப் பக்கத்து விளவங்கோட்டில், மனைவி வீடு மலையாளப் பக்கத்து அதியன்னூரில். கல்யாண வீட்டிலும் கேட்டார்கள், சாவு வீட்டிலும் கேட்டார்கள். அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். போராட்டத்தால் அன்றும் பஸ் ஓடவில்லை.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் அறையில், படத்தை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பனை பனைதான், தென்னை தென்னைதான் என்று எழுதினார். காளைக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

நீர்வண்ணத்தில் வெளிச்சத்துக்கென்று தனிச் சாயம் அவர் வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விடவேண்டும். புதுப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். இந்தப் படத்தில் ஒரு நெல்மணி அளவுகூட அவர் விட்டிருக்கவில்லை. வானம், தண்ணீர், காளையின் நெற்றி எல்லாம் சாம்பல் நிறம். நடு மத்தியான வெயிலில் உட்கார்ந்து வரைந்த படம் அது. வரையும்போது அவருக்கு இது தெரியவே இல்லை. இப்போது பயமாக இருந்தது.

எழுதியதை அடித்துவிட்டு இரண்டே வரி எழுதினார்: 'படத்தில் அரசியல் இல்லை. வரைந்தவன் மிகவும் களைத்துப்போயிருக்கிறான்.'

கிருஷ்ணன்குட்டி அதைப் படித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். கீழே 'இது உண்மை' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். பேனாவை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சாறே, எப்ப இருந்து இப்பிடி?"

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஞானசிகாமணி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.