எப்படி வேண்டியவர் ஆனார்?

ஞாயிற்றுக்கிழமை காலை, வக்கீல் சிதம்பரம் அண்ணாச்சி போய்விட்டார் என்று அவருடைய ஜூனியர் போனில் சொன்னபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தோடு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போயும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவருடைய தங்கை, "நீங்க அண்ணனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். சொந்தமில்லை, வழக்குகளில் பெரும்பாலும் எதிர்த்தரப்பு வக்கீல். "கூட வேலை பார்த்தவன்" என்றேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

ஏரல் பக்கத்து வழக்கு ஒன்று. வாழைத்தோட்டத்தின் நடுவே வண்டிப்பாதை இருந்ததா இல்லையா என்பதுதான் தகராறு. பாதை கேட்டவருக்கு அண்ணாச்சி, தோட்டக்காரருக்கு நான். பாதை உண்டு என்று சாட்சி சொல்ல வந்தவர் பேச்சிமுத்து, அதே ஊர்க்காரர். பாதை கேட்பவர் உமக்கு வேண்டியவரா என்று கேட்டேன்.

"ஆமா, ரொம்ப வேண்டியவரு."

நம் தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: அவருக்காகப் பொய் சொல்லக்கூடியவர். திருப்தியாக உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எப்படி வேண்டியவர் ஆனார்?"

பேச்சிமுத்து கொஞ்சம் யோசித்தார். ஆடு மேய்ந்த சண்டையில் இருவருக்கும் வெகுகாலம் பேச்சே கிடையாதாம்.

"வெள்ளம் வந்தன்னைக்கு எங்கம்மாவ டிராக்டர்ல வச்சு, அந்தப் பாதை வழியா மேட்டுக்குக் கொண்டு சேர்த்தாரு. அன்னையில இருந்து வேண்டியவரு."

நீதிபதி குறித்துக்கொண்டார். என் கட்சிக்காரர் என்னைப் பார்த்தார். வழக்கு தோற்றது.

வராந்தாவில் அண்ணாச்சி வழக்கம்போல நடந்துகொண்டிருந்தார். பதில் தெரியாமலா கேட்டீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

"தெரியாது வே. அந்த வார்த்தையச் சொல்ல அவன் கூச்சப்படல, அதான் கேட்டேன். சொந்தக்காரனாப் பொறந்துரலாம். வேண்டியவனா ஆகத்தான் செய்யணும்."

அதன் பிறகும் எனக்கு எதிராக அவர் ஒரு வழக்கிலும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சாயங்காலம் வந்தார். நாற்காலியைக் காட்டினால், "உட்கார்ந்தா பயம் வந்துரும் வே" என்று நடைபாதையை அளந்துகொண்டிருப்பார். நர்சுகள் அவரைத் திட்டினார்கள். பிறகு அவர் வராத ஒரு நாள், "அந்த நடக்கிற சார் எங்கே?" என்று அவர்களே கேட்டார்கள். மனைவி தேறி வீடு வந்தாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். போன வாரம் எதிர்த்தரப்புச் சாட்சி ஒருவர், 'வேண்டியவர்' என்றார். அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். பதில் தெரியாமலே, எப்படி என்று கேட்டேன். அந்தப் பதில் என் வழக்கைக் கெடுத்தது. கட்சிக்காரர் வேறு வக்கீலைப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். இனியும் கேட்பேன்.